சம்மந்திப் பாறை

சார், ரொம்ப இடிக்குதா? மன்னிச்சுக்குங்க. நீங்க கொஞ்சம் ஜன்னல் பக்கம் சாஞ்சுக்கிட்டீங்கன்னா இதை நேரா நிமித்தி வச்சுருவேன். மெத்தைதான் சார். படுக்கற மெத்தை இல்ல, விழற மெத்தை. ஆமா, விழறதுக்குன்னே ஒரு மெத்தை விக்கறாங்க, அதை வாங்கறதுக்குன்னு என்னை மாதிரி ஆளுங்களும் இருக்கோம். நீங்க இப்படிப் பாக்கறது எனக்குப் பழக்கம்தான். கிளாம்பாக்கத்துல ஏறினதுலேர்ந்து இந்த பஸ்ஸே அப்படித்தான் பாக்குது. டிக்கியில போடுங்கன்னாரு கண்டக்டர். முடியாதுன்னுட்டேன். எறங்கின உடனே நான் இதைத் தூக்கிக்கிட்டு ஓடணும். அவரு எறங்கி வந்து, டிக்கியைத் தொறந்து, யாரோட வெங்காய மூட்டையையோ நகத்தி இதை எடுக்கறதுக்குள்ள என்ன வேணா ஆயிரும்.

என் பொண்டாட்டி அங்க பாறையில ஏறிக்கிட்டு இருக்கா சார். இந்த மெத்தை இல்லாம.

அய்யய்யோ, நீங்க நினைக்கற மாதிரி இல்ல. இது விளையாட்டு. கயிறு கிடையாது, கொக்கி கிடையாது, வெறுங்கையால பெரிய குண்டுக் கல்லு மேல ஏறறது. ரெண்டாள் உயரம், ரெண்டரை ஆள் உயரம், அவ்வளவுதான். கீழ இந்த மெத்தை, மெத்தைக்குப் பக்கத்துல ஒரு ஆள். விழுந்தா மெத்தை மேல விழணும். இதுக்காக ஞாயித்துக்கிழமை ஆனா மெட்ராஸ்லேர்ந்து செஞ்சிப் பக்கம் காரை எடுத்துக்கிட்டு வந்துருவோம். ஊரு பேரு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். சொன்னா அடுத்த வாரமே நாலு பேரு மெத்தையோட வந்து நிப்பான்.

என் பேரு செழியன். ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கார் பாகம் செய்யற கம்பெனியில பாதுகாப்பு அதிகாரி. யாரு ஹெல்மெட் போடல, யாரு கையுறை போடல, எங்க தரையில எண்ணெய் சிந்தியிருக்கு, இதைப் பாத்துக் கத்தறதுதான் என் வேலை. நல்லாவே கத்துவேன். என் பொண்டாட்டி மங்கையர்க்கரசி. வீட்ல அரசி. பல் டாக்டர். இதைக் குறிச்சு வச்சுக்குங்க, ஏன்னா அவ என்னைவிட நல்லா ஏறறான்னு யாராவது சொன்னா, அதுக்குக் காரணம் இதுதான். பல்லைப் புடுங்கிப் புடுங்கி அவ விரல்ல ஒரு வலு வந்துருச்சு சார். நான் என்ன பண்ணுவேன்? நான் புடுங்கறதெல்லாம் மெமோ பேப்பர்தான்.

ஆரம்பிச்சு வச்சதே நான்தான். அதையும் சொல்லிடறேன். ஆபீஸ்ல ஒரு தடவை எங்களை எல்லாம் செயற்கைச் சுவர் ஏறற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சுவர் பூரா கலர் கலரா பிடிகள் திருகி வச்சிருப்பான். நான் பாதி வரைக்கும் போயிட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. அன்னைக்கே புடிச்சுக்கிச்சு. வீட்டுக்கு வந்து அரசிகிட்ட, வா, உனக்கும் கத்துத் தர்றேன்னேன். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆச்சு, ஞாயித்துக்கிழமைன்னா சொந்தக்காரங்க வீட்டுக்குப் போவோம், விசேஷம் ஏதாவது உண்டான்னு கேப்பாங்க, நாங்க வடையப் பாப்போம். அதுக்கு இது எவ்வளவோ மேல்னு அவளும் வந்தா. வந்த முதல் நாளே அவ அந்தச் சுவத்தோட உச்சியைத் தொட்டுட்டா. அது சுலபமான பக்கம் சார். நான் ஏறினது கஷ்டமான பக்கம்.

அதுலேர்ந்து பயிற்சிதான். வீடே மாறிப் போச்சு. படுக்கையறை வாசல் நிலைக்கு மேல விரல் பலகைன்னு ஒன்னு அடிச்சு வச்சிருக்கேன். பலகையில சின்னச் சின்னப் பள்ளம் இருக்கும், விரல் நுனியை மட்டும் அதுல போட்டுத் தொங்கணும். ஒரு நாள் எங்க மாமியார் சொல்லாம கொள்ளாம வந்து நின்னாங்க. இவ கண்ணை மூடிக்கிட்டு நிலையில தொங்கறா. அந்தம்மா போட்ட சத்தத்துல மூணு மாடியும் வந்துருச்சு. ஹவுஸ் ஓனர் சுவத்துல ஓட்டை போட்டதுக்குத்தான் சார் கோவிச்சுக்கிட்டாரு. அந்த மனுஷன் எங்க மாமியாரைத் திரும்பிக்கூடப் பாக்கல.

விரல் தோல் தடிச்சா கிழிஞ்சிரும். அதனால ராத்திரி டி.வி. பாக்கும்போது ரெண்டு பேரும் உப்புத்தாளை வச்சு விரல் நுனியைத் தேச்சுக்கிட்டு உக்காந்திருப்போம். தச்சன் கடை மாதிரி சத்தம் வரும். நான் சோத்தை விட்டேன் சார். எடை குறைஞ்சா ஏறலாம்னு ராத்திரி ரெண்டு சப்பாத்தி, ஒரு வெள்ளரிக்கா. அவ என் கண்ணு முன்னாடி பிரியாணி சாப்பிடுவா. சாப்பிட்டுட்டு மறுநாள் என்னைவிட ஒரு பிடி மேல போவா. இதெல்லாம் நியாயமா சொல்லுங்க. உங்க முகம் தெரியல, மெத்தை மறைக்குது. தலையாட்டினீங்கன்னே வச்சுக்கறேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். சம்மந்திப் பாறை.

அந்த ஊருக்கு வெளிய ரெண்டு பெரிய கல்லு, ஒன்னுக்கொன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்குது. அதான் ஊர்ல சம்மந்திப் பாறைங்கறாங்க. நாங்க போன புதுசுல, குவாரிக்காரங்களான்னு விரட்ட வந்தாங்க. இல்ல, சும்மா ஏறி எறங்கத்தான் வந்தோம்னோம். மேல என்ன இருக்குன்னு கேட்டாங்க. ஒன்னுமில்லன்னோம். அப்பறம் எதுக்கு ஏறறீங்கன்னாங்க. அதுக்கு நான் ஒரு கால் மணி நேரம் விளக்கம் சொன்னேன். அதுலேர்ந்து நாங்க வந்தா ரெண்டு மூணு பொம்பளைங்க ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்து நிழல்ல உக்காந்துருவாங்க. வேற பொழுதுபோக்கு இல்ல பாவம்.

அந்த ரெண்டுல பெரிய சம்மந்தி இருக்கே, அது முன்னாடி பக்கம் அப்படியே வெளிய தள்ளிக்கிட்டு இருக்கும், தொப்பை மாதிரி. அந்தத் தொப்பை வழியா இதுவரைக்கும் யாரும் ஏறினதா எங்களுக்குத் தெரியல. பிடின்னு பாத்தா மொத்தம் ஆறு. முதல் மூணு பரவாயில்ல. நாலாவது ரெண்டு விரல் நுழையற ஒரு கீறல். அஞ்சாவது வழுக்கும். ஆறாவது உச்சி விளிம்பு. அதைப் புடிச்சு, முட்டியைத் தூக்கி மேல போட்டு எழுந்துட்டா முடிஞ்சுது. கீழ தரை நல்லா இருந்தா இவ்வளவு பயம் இல்ல. இடது பக்கம் ஒரு கூர்க் கல்லு மண்ணுல பதிஞ்சு நீட்டிக்கிட்டு இருக்கு. மெத்தையை அதும்மேல சரியாப் போடணும். கொஞ்சம் தள்ளிப் போட்டாலும் முதுகெலும்பு போயிரும்.

கார்த்திகை கடைசியில ஆரம்பிச்சோம் சார். குளிர்காலம்தான் இதுக்குச் சீசன். வெயில் வந்துட்டா பாறை தோசைக்கல்லு, கை வேர்த்து வழுக்கும். மார்கழி பூரா, தை பூரா, வாராவாரம் அந்தத் தொப்பைக்குக் கீழயே கிடந்தோம். நான் மூணாவது பிடி வரைக்கும் வந்துட்டேன். சில நாள் மூணரைன்னுகூடச் சொல்லலாம். அரசி தை பாதியிலயே நாலுக்குப் போயிட்டா, அப்பறம் அஞ்சு. அவளுக்கு எடை கம்மி. விரல் சின்னது, அந்தக் கீறலுக்குன்னே அளவெடுத்த மாதிரி உள்ள போகுது. எனக்கு நுழையல. அது என் தப்பா?

நான் கீழ நின்னு வழி சொல்லிக்கிட்டே இருப்பேன். இடது கால் மாத்து, இடுப்பை உள்ள கொண்டா, மூச்சு விடு. ஒரு பயிற்சியாளர் இல்லாம யாரு சார் முன்னேற முடியும்? ஒரு நாள் அஞ்சாவது பிடியில தொங்கிக்கிட்டே, செழியா, கொஞ்ச நேரம் பேசாம இருக்கியான்னா. மேல இருக்கறப்ப பதட்டத்துல அப்படித்தான் வரும். நான் பெருசா எடுத்துக்கல. இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொன்னேன், அவ்வளவுதான்.

இப்ப ஒரு முக்கியமான விஷயம். கீழ நிக்கறவனுக்கு ஒரு முறை இருக்கு. ரெண்டு கையையும் தூக்கி வச்சுக்கிட்டு, ஏறறவங்களையே பாத்துக்கிட்டு நிக்கணும். ஆனா தொடக் கூடாது. விழுந்தாத்தான் முதுகைத் தாங்கி மெத்தைப் பக்கம் தள்ளணும். விழாம இருக்கறப்ப ஒரு விரல் பட்டாக்கூட அந்த ஏத்தம் கணக்குல வராது. ஏறினது ஏறாததுதான். எழுதி வச்ச சட்டம்னு இல்ல, ஆனா இந்த விளையாட்டுல இருக்கற எவனும் அதை மீற மாட்டான்.

போன ஞாயித்துக்கிழமை நடந்தது இது. மாசி பிறந்தாச்சு, வெயில் ஏறுது, சீசனுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருந்தா அதிகம். காலையில முதல்ல நான் முயற்சி பண்ணேன். ஷூ சரியில்ல, எறங்கிட்டேன். அடுத்து அவ ஏறினா. நாலு புடிச்சா. அஞ்சு புடிச்சா. நான் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கறேன். அப்பறம் சார், அவ ஒரு மூச்சு விட்டா, எனக்குக் கேட்டுச்சு. சட்டுன்னு தாவி விளிம்பைப் புடிச்சுட்டா. ரெண்டு கையாலயும். எங்க வாழ்க்கையில முதல் தடவையா ஒரு மனுஷக் கை அந்த விளிம்புல இருக்கு. ஆட்டுக்காரப் பொம்பளைங்க எழுந்து நின்னுட்டாங்க. அவ முட்டியைத் தூக்கறா. முட்டி மேல போகுது. நான் பாக்கறேன், அவ உடம்பு ஒரு நடுக்கம் நடுங்குது.

நான் தாங்கிட்டேன் சார்.

இடுப்புல ஒரு கையை வச்சுத் தாங்கினேன். விழப் போறான்னு எனக்குத் தோணுச்சு. பதினோரு வருஷமாப் பாதுகாப்பு அதிகாரியா இருக்கேன், விபத்து வர்றதுக்கு முன்னாடியே என் உடம்புக்குத் தெரிஞ்சிரும். தாங்கினேன். யாரா இருந்தாலும் அதைத்தான் பண்ணுவாங்க. கட்டின பொண்டாட்டி விழட்டும்னு பாத்துக்கிட்டு நிக்க நான் என்ன கல்லா?

அவ அப்படியே நின்னா. முட்டி விளிம்புல இருக்கு, என் கை இடுப்புல இருக்கு. திரும்பி என்னைப் பாத்தா. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தா மேல போயிருக்கலாம். கையை விட்டா. மெத்தையில வந்து விழுந்தா, எழுந்தா, மண்ணைத் தட்டிக்கிட்டா. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. நான் விழுந்தேனா செழியா?

நீ விழப் போனேன்னு சொன்னேன்.

அவ்வளவுதான் சார். சண்டை இல்ல, சத்தம் இல்ல. திண்டிவனத்துல நிறுத்தி டீ குடிச்சோம், அவளே எனக்குச் சர்க்கரை இல்லாம சொன்னா. அதுக்கப்பறம் வாரம் பூரா கேஸ் புக் பண்ணியாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா, இதுதான் பேச்சு. உப்புத்தாளை எடுத்துக்கிட்டு அவ தனியா பால்கனியில போய் உக்காந்துக்கிட்டா. டி.வி. முன்னாடி நான் ஒத்தை ஆளா தேச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு ஆள் தேய்க்கற சத்தம் கேக்கவே சகிக்கல சார். மூணாவது நாளே விட்டுட்டேன். எனக்கு வருத்தமா இருந்துச்சு. நல்லது பண்ணவனை இப்படி ஒதுக்கினா வருத்தமா இருக்காதா?

வெள்ளிக்கிழமை நான்தான் எறங்கி வந்தேன். உக்கார வச்சு எடுத்துச் சொன்னேன். பாரு அரசி, வெயில் வந்துருச்சு, கை வழுக்கும், அந்தக் கூர்க் கல்லு வேற இருக்கு. என் ஆபீஸ்ல இப்படி ஒரு வேலை நடந்தா நான் கையெழுத்தே போட மாட்டேன். இந்த வருஷம் போதும். அடுத்த கார்த்திகைக்குப் பாத்துக்கலாம். அதுக்குள்ள நானும் தேறிருவேன், முதல்ல நான் ஏறி எங்க எப்படின்னு பாத்துச் சொல்லிட்டா, உனக்கும் பாதுகாப்பு. இதுல ஏதாவது தப்பு இருக்கா சார்? அவ கேட்டுக்கிட்டே இருந்தா. பல் டாக்டருங்க அப்படித்தான், எதிராளி வாயைத் தொறந்து வச்சிருந்தா பழக்கதோஷத்துல உள்ள பாத்துக்கிட்டே இருப்பாங்க.

ஆனா எனக்கு அவளைத் தெரியும். அதனால நேத்து சாயங்காலம் ஒரு காரியம் பண்ணேன். கார் டிக்கியில எப்பவும் இந்த மெத்தை இருக்கும். அதை எடுத்துட்டுப் போய் மொட்டை மாடியில, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, தார்ப்பாய் போட்டு மூடி வச்சுட்டேன். மெத்தை இல்லன்னா ஏற மாட்டா இல்லியா? அதான் கணக்கு. ஆபீஸ்லயும் இதான் பண்ணுவோம். மெஷினை ஓட்டக் கூடாதுன்னா ஆளுகிட்ட கெஞ்சக் கூடாது, ஃபியூஸைப் புடுங்கி பாக்கெட்ல போட்டுக்கணும்.

இன்னைக்குக் காலையில எழுந்தா ஆளைக் காணோம். காரைக் காணோம். ஷூவைக் காணோம், கையில பூசற பவுடர் பையைக் காணோம். நான் பதறல சார். சிரிச்சேன்னுகூடச் சொல்லலாம். போகட்டும், டிக்கியைத் தொறந்து பாத்துட்டுத் திரும்பி வரட்டும்னு காபி போட்டுக் குடிச்சேன். அவளுக்கும் சேத்துப் போட்டு வச்சேன்.

அப்பத்தான் போன்ல ஒரு படம் வந்துச்சு. சம்மந்திப் பாறை. காலை வெயில் பட்டு நல்லா இருக்கு. கீழ வெறும் தரை. அந்தக் கூர்க் கல்லு நீட்டிக்கிட்டு நிக்குது. படத்துக்குக் கீழ ஒன்னும் எழுதல.

காபி டம்ளரை அப்படியே வச்சுட்டேன் சார். உடனே அடிச்சேன், எடுக்கல. திரும்ப அடிச்சேன், எடுக்கல. மாடிக்கு ஓடினேன், மெத்தையை எடுத்தேன், ஸ்கூட்டர்ல கட்டிக்கிட்டுக் கெளம்பினேன். பெருங்களத்தூர் பாலத்துல காத்தடிச்சு வண்டியோட பக்கத்து லாரிக்கு அடியில போகப் பாத்தேன். ஒரு பாதுகாப்பு அதிகாரி பண்ற வேலையா அது? வண்டியைக் கிளாம்பாக்கத்துல போட்டுட்டு முதல்ல கண்ணுல பட்ட திருவண்ணாமலை பஸ்ல ஏறினேன். உங்க பக்கத்துல இடம் இருந்துச்சு. இதான் சார் கதை. மதுராந்தகத்துலேர்ந்து இப்ப வரைக்கும் இருபது தடவையாவது அடிச்சிருப்பேன். மணி அடிக்குது, எடுக்க மாட்டேங்கறா.

பயமா இருக்கு சார். இவ்வளவு நேரம் வாயடிக்கறதே அதனாலதான். அவ கோவக்காரி இல்ல. கோவக்காரியா இருந்தா கத்தி முடிச்சுட்டு வீட்லயே இருந்திருப்பா. இவ பேசாம முடிவு எடுக்கறவ. மெத்தை இல்லன்னு தெரிஞ்சும் திரும்பி வரல பாருங்க. அந்த ஃபியூஸை நான் புடுங்கியிருக்கக் கூடாதோ? இல்ல, புடுங்கினது சரிதான். மெஷின் இப்படி ஃபியூஸ் இல்லாம ஓடும்னு யாரு கண்டா?

இருங்க, இன்னொரு தடவை அடிச்சுப் பாக்கறேன். திண்டிவனம் தாண்டியாச்சு இல்ல? மணி அடிக்குது. அடிக்குது... எடுத்துட்டா! அரசி! அரசி, எங்க இருக்க? ஏறாத, கேட்டியா, நான் மெத்தையோட வந்துக்கிட்டு... யாரு? யாருங்க பேசறது?

சார், வேற யாரோ பொம்பளை. அம்மா, நீங்க யாரு? அஞ்சலையா? எந்த அஞ்சலை? ஆடா? ஆட்டுக்கார அம்மாவா! அம்மா, இந்தப் போனு வச்சிருந்தவங்க எங்க? அவங்களுக்கு ஒன்னும்... வீடியோ எடுக்கச் சொல்லிக் குடுத்தாங்களா? தெரியாம எதையோ அமுக்கிட்டீங்களா? பரவாயில்ல, பரவாயில்ல, வச்சுராதீங்க. அவங்க எங்க? பாறை மேலயா? எவ்வளவு மேல?

கண்டக்டர் சார், கொஞ்சம் அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்க! என் பொண்டாட்டி பாறையில தொங்கறா!

சொல்லுங்கம்மா. கீழ என்ன இருக்கு? கூர்க் கல்லு மேல... வைக்கோலா? யாரு போட்டது? சார், வைக்கோல் போட்டிருக்காங்களாம். களத்துலேர்ந்து கட்டுக் கட்டாத் தூக்கிட்டு வந்து இடுப்பு உயரம் போட்டிருக்காங்களாம். காலையிலேர்ந்து அதுல மூணு தடவை விழுந்துட்டாளாம். அடி ஒன்னும் இல்லியாம். சிரிச்சுக்கிட்டே எழுந்தாளாம். அப்பாடா. இருங்க, எனக்குக் கண்ணு கலங்குது, ஒன்னுமில்ல, தூசி.

கீழ யாரு நிக்கறாங்கம்மா? நாலு பேரா? நாலு பொம்பளைங்க கையைத் தூக்கிக்கிட்டுச் சுத்தி நிக்கறாங்களாம் சார், அம்மன் ஊர்வலம் வந்த மாதிரி. தொடறாங்களாம்மா? தொடலியா? யாரும் தொடலியாம். விழுந்தாத்தான் புடிக்கணும்னு சொல்லி வச்சிருக்காளாம். பாத்தீங்களா சார், எவ்வளவு சரியாச் சொல்லிக் குடுத்திருக்கா! எல்லாம் நான் கத்துக் குடுத்தது.

இப்ப எங்க இருக்கா? ஒரு கை கீறல்ல இருக்கா? அது நாலாவது. அம்மா, இடது காலை மாத்தச் சொல்லுங்க! இடது காலு! இடுப்பை உள்ள... என்ன? பேசக் கூடாதா? யாரு பேசக் கூடாதுன்னா?

என்னைப் பேச வேணாங்குது சார் அந்தம்மா. மேல இருக்கறப்ப யாரும் சத்தம் போடக் கூடாதுன்னு அரசி சொல்லியிருக்காளாம். சரி. பேசல. நான் பேசல.

...

அஞ்சு புடிச்சுட்டாளாம்.

சார், உங்களைத்தான். கொஞ்சம் என் கையைப் புடிச்சுக்குங்க. மெத்தைக்கு மேல வழியா குடுங்க. தப்பா நினைக்காதீங்க.

என்னம்மா? தாவிட்டாளா? ரெண்டு கையும் விளிம்புலயா? காலு? காலு தொங்குதாம் சார். உடம்பு நடுங்குதாம். விழுந்துருவா. விழுந்துருவா சார், எனக்குத் தெரியும், அன்னைக்கும் இப்படித்தான், இதே இடம்தான். யாராவது தாங்குங்களேன்! அம்மா, ஒருத்தர் ஒரு கையை மட்டும்...

என்ன சத்தம் அது? ஏன் எல்லாரும் கத்தறீங்க? அஞ்சலைம்மா! விழுந்துட்டாளா?

நிக்கறாளாம்.

மேல நிக்கறாளாம் சார். ஏறிட்டா. சம்மந்திப் பாறை மேல என் பொண்டாட்டி நிக்கறா. யாரும் தாங்கல, யாரும் தொடல, அவளே நடுங்கி அவளே நின்னு அவளே ஏறிட்டா. பின்னாடி சீட்டுல யாரு கை தட்டறது? தட்டுங்க, தட்டுங்க. என் பொண்டாட்டிதான். எனக்கு எப்படி இருக்குன்னு கேக்காதீங்க. சந்தோஷமா இருக்கு. சத்தியமா. நெஞ்சுல யாரோ உக்காந்திருக்கற மாதிரியும் இருக்கு. ஒரு சீசன் பூரா வாராவாரம் அந்தக் கல்லுக்குக் கீழ நின்னவன் நான். இன்னைக்குப் பாத்து திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவுல, ஒரு மெத்தையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

கண்டக்டர் சார், பாறைக்குப் போற வழிக்கிட்ட ஒரு மேடு வரும், அங்க நிறுத்துவீங்களா? எக்ஸ்பிரஸா இருந்தா என்ன, எல்லாரும் கேக்கறாங்க பாருங்க. நன்றி அஞ்சலைம்மா, நன்றி. இருங்க சார், இன்னும் போனை வைக்கல, அரசி எறங்கி வந்துட்டாளாம், போனைக் குடுக்கறாங்க.

அரசி. ம். கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஆமா, முழுசாவும். பஸ்ல. மெத்தையோட. எதுக்கா? எதுக்குன்னா... உனக்குத்தான். சரி, வேணாம், வைக்கோலே நல்லா இருக்கா? சரி. கையெல்லாம் கிழிஞ்சிருக்கா? ரத்தமா? பிளாஸ்திரி என்கிட்ட இருக்கு. மேல என்ன இருந்துச்சு அரசி? இல்ல, சும்மா கேட்டேன். நானா? இன்னைக்கா? ம். ம். சரி. வர்றேன்.

வச்சுட்டா சார்.

மேல என்ன இருக்குன்னு சொல்ல மாட்டாளாம். நீயே ஏறிப் பாருன்னுட்டா. கோவமாச் சொல்லல, குரல் நல்லாவே இருந்துச்சு. நீ வந்து ஏறு, எவ்வளவு நேரம் ஆனாலும் கீழ நான் நிக்கறேன், விழுந்தா மட்டும்தான் தொடுவேன்னா.

இதோ, மேடு வந்துருச்சு. மெத்தையோட அந்த முனையைக் கொஞ்சம் தூக்கி விடுங்க. ஆங், அப்படித்தான். இப்பத்தான் உங்க முகமே தெரியுது. சார், எறங்கறதுக்கு முன்னாடி ஒன்னே ஒன்னு. நீங்க வெளியாளு, யாரு பக்கமும் பேச மாட்டீங்க, அதனால கேக்கறேன். போன ஞாயித்துக்கிழமை அவ விழத்தான் போனா, இல்லியா? ஏன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கறீங்க?